சம்ரானின் தோளுக்குப் போகும் நரம்பு

சம்ரான் யார் தலையைத் தொட்டாலும் முதலில் கைகூப்பி மன்னிப்புக் கேட்பார். எவ்வளவு நெருங்கியவரானாலும் அடுத்தவர் தலையில் கை வைப்பது எங்கள் தாய்லாந்தில் தப்பு. கோன்கேன் நகரத்தில் மற்ற முடிதிருத்தும் கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை குரு பூஜையன்று மொத்தமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மிச்ச நாளெல்லாம் நம் தலையைப் பூசணிக்காயைப் போல உருட்டுவார்கள். சம்ரான் ஒவ்வொரு தலைக்கும் தனியாகக் கேட்பார். நகராட்சித் தலைவருக்கும் அதே கும்பிடுதான், அழுதுகொண்டே வரும் சின்னப் பிள்ளைக்கும் அதே கும்பிடுதான். போதையில் நாற்காலியிலேயே தூங்கிப்போன ஒரு லாரி டிரைவர் கண்ணைத் திறந்து சரி என்று தலையாட்டும் வரை கத்தரிக்கோலோடு காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எரிச்சல் வரும். வகுப்புக்கு நேரமாகிறது, சட்டென்று வெட்டுங்கள் என்பேன். அவர் அசைய மாட்டார்.

என் பெயர் வித்தூன். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குப் பிடித்த இடம் மண்டையோட்டின் அடித்தளம். மண்டையோட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பெரிதும் சிறிதுமாக ஏகப்பட்ட ஓட்டைகள் இருக்கும். மூளைக்குள் போவதும் மூளையிலிருந்து வருவதும் அவற்றின் வழியாகத்தான். எந்த ஓட்டையில் எது போகிறது என்று மனப்பாடம் செய்ய முடியாமல் மாணவர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும் என்று விட்டுவிடுவேன். சம்ரான் என் வாழ்க்கைக்குள் வந்ததும் தலைகள் வழியாகத்தான்.

எங்கள் கல்லூரிக்கு உடலைத் தானமாகக் கொடுத்தவர்களை நாங்கள் பிணம் என்று சொல்வதில்லை. அவர்கள் பெரிய வாத்தியார்கள். மேஜைக்கு மேஜை பெயர்ப்பலகை உண்டு, பூமாலை உண்டு. மாணவர்கள் பெயர் சொல்லிக் கும்பிட்ட பிறகுதான் கத்தியைத் தொடுவார்கள். பாடம் தொடங்குமுன் அவர்களுக்குத் தலை மழிக்க வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போனபோது நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஆவி பயத்தில் ஒருவரும் வரவில்லை. ஏரிக்கரைக் கடைக்காரர் சம்ரான் மட்டும், "அவங்களுக்கு என்ன நாள் சௌகரியம்?" என்று கேட்டார். வந்தார். ஒவ்வொரு மேஜையிலும் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கைகூப்பி, உயிரோடிருப்பவரிடம் கேட்பது போலவே மன்னிப்புக் கேட்டுவிட்டு மழித்தார். ஒரு கீறல் இல்லை. அன்றிலிருந்து நான் அவருக்குச் சின்ன வாத்தியார் ஆகிவிட்டேன். பெரியவர்கள் மேஜையில் படுத்திருக்கும்போது எனக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்.

அவர் சீ என்ற ஆற்றின் கரைக் கிராமத்துக்காரர். வாலிபத்தில் எல்லோரையும் போலப் பாங்காக்குக்கு ஓடி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் தொழில் கற்றுக்கொண்டு, அந்த ஊர் பிடிக்காமல் திரும்பி வந்தவர். மனைவி ராம்பை அக்கா கடைக்கு வெளியிலேயே அடுப்பு வைத்துக் கோழி சுட்டு, ஒட்டரிசிச் சோற்றோடு விற்பார். உள்ளே கத்தரிக்கோல் சத்தம், வெளியே உரலில் பப்பாளிக்காய் இடிக்கும் சத்தம், இரண்டுக்கும் நடுவே சம்ரானின் வாய். யார் மகள் யாரோடு பேசுகிறாள், எந்த மடத்துப் பிக்குவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எல்லாம் அங்கே கிடைக்கும். புதன்கிழமை மட்டும் கடை கிடையாது. புதனன்று முடியில் கத்தி படக்கூடாது. அன்று ஏரியில் தூண்டில் போட்டுவிட்டு, மீன் இல்லாமல், சந்தோஷமாகத் திரும்புவார்.

ஒரு வருஷம் பரீட்சைக் குழு வேலையாக நான் பாங்காக்கில் பல மாதம் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்த அன்று சந்தைக்குள் நடந்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. நூடுல்ஸ் கடைக்காரருக்கு வலது உச்சியில் ஒரு கொத்து முடி நீட்டிக்கொண்டிருந்தது. தபால்காரருக்கும் அதே இடத்தில் அதே கொத்து. தலைமையாசிரியர் வெயில் இல்லாத நேரத்தில் தொப்பி போட்டிருந்தார். விசாரித்தால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தலைமையாசிரியர்தான் என்னை ஓரமாக அழைத்துப் போய், சம்ரான் இப்போதெல்லாம் இப்படித்தான் வெட்டுகிறார், எப்படிச் சொல்வது, மனசு நொந்துபோவாரே என்றார். சிலர் அவர் கடையில் வெட்டிக்கொண்டு, பின்சந்து வழியாக அடுத்த தெருக் கடைக்குப் போய்ச் சரி செய்துகொண்டார்களாம். எங்கள் ஊர்க்காரர்களின் தாட்சண்யம் அப்படிப்பட்டது. ஒரு மனிதருக்கு உடம்பு கெட்டுக்கொண்டே வந்ததை ஊரே தலையில் சுமந்து திரிந்தது, ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நேரே கடைக்குப் போய் உட்கார்ந்தேன். சம்ரான் துண்டைக் கட்டிவிட்டுக் கைகூப்பினார். மன்னிப்புக் கேட்ட குரல் ஈரத்தில் நனைந்த முரசு போல் அடங்கியிருந்தது. பிறகு மீன்சாற்றுப் புட்டிகள் வரும் மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். கண்ணாடியில் பார்த்தேன். வலது தோள் சட்டை மாட்டும் ஆணி கழன்றது போல் தொங்கியது.

"தோள் என்னண்ணே இப்படி இறங்கிக் கெடக்கு?"

"வயசாவுது, சின்ன வாத்தியாரே. உங்களுக்குத் தொப்பை இறங்கல?"

"தொண்டைக்கு?"

"ஊர்க்கதை பேசிப் பேசித் தேஞ்சு போச்சு."

வெளியே அடுப்படியிலிருந்து ராம்பை அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஒட்டரிசி தொட்டு மாசக்கணக்காச்சு. கஞ்சிதான். கேட்டா பல்லு வலிங்கிறாரு. பல்லு வலிக்கிறவருக்கு எதுக்குத் தண்ணி குடிச்சா பொரையேறுது?"

துண்டைக் கழற்றிவிட்டு எழுந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். ஆ என்றபோது உள்நாக்கு நடுவில் நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. நாக்கை நீட்டச் சொன்னேன், அது நேராக வந்தது. தோளைத் தூக்கச் சொல்லி என் கையால் அழுத்தினேன். இடது தோள் என்னை எதிர்த்தது, வலது தோள் பேசாமல் கீழே போனது.  விழுங்குவது, குரல், தோள் மூன்றும் ஒரே பக்கத்தில் கெட்டால் காரணம் மூன்றாக இருக்காது. அவற்றுக்குப் போகிற மூன்று நரம்புகளும் சேர்ந்து போகிற இடம் மண்டையோட்டில் ஒன்றே ஒன்றுதான். நாக்கை அசைக்கும் நரம்புக்குப் பக்கத்திலேயே தனி ஓட்டை. அது தப்பித்திருந்ததால் இடம் இன்னும் உறுதியானது.

மறுநாள் கல்லூரியிலிருந்து ஒரு மண்டையோட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். அவருக்கு நடப்பது அவருக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தேன். துணியைப் பிரித்ததும் சம்ரான் கேட்ட முதல் கேள்வி, "இவரு பேரு?" என்பதுதான். பழைய எலும்பு, யாருக்கும் பெயர் தெரியாது என்றேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு, "பேரு தெரியாத பெரியவரே, மன்னிக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் கையில் வாங்கினார். எத்தனை வருஷமாக நான் அந்த எலும்பைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கவிழ்த்துக் காட்டினேன். நடுவில் பெரிதாக இருப்பது தண்டுவடம் இறங்கும் பெருந்துளை. அதற்குப் பக்கவாட்டில், காதிருக்கும் பொட்டெலும்பும் பிடரி எலும்பும் சேருமிடத்தில், நேராகவும் இல்லாமல் வட்டமாகவும் இல்லாமல் கிழிசல் போல ஓர் ஓட்டை. இடது பக்கத்தைவிட வலது பக்கம் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். மூளை உபயோகித்து முடித்த ரத்தமெல்லாம் ஒரு பெரிய நாளமாகத் திரண்டு அதன் பின்பாதி வழியாகக் கழுத்துக்கு இறங்குகிறது. முன்பாதியில் மூன்று நரம்புகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு போகின்றன. முதலாவது நாக்கின் அடிக்கும் தொண்டைக்கும். இரண்டாவது குரலுக்கும் விழுங்குவதற்கும் போய், அங்கேயும் நிற்காமல் இதயம், வயிறு என்று ஊர்சுற்றுவது. மூன்றாவது தோளுக்கு.

அந்த மூன்றாவதின் கதை வேடிக்கையானது. அது கழுத்திலேயே, தண்டுவடத்தில் பிறக்கிறது. பேசாமல் அங்கிருந்தே தோளுக்குப் போகலாம். போகாது. பெருந்துளை வழியாக மண்டைக்குள் ஏறி, மற்ற இரண்டோடும் சேர்ந்துகொண்டு, இந்த ஓட்டை வழியாக மறுபடியும் கழுத்துக்கே இறங்கும்.

சம்ரான் விரலால் அந்த வழியைத் தடவிப் பார்த்தார். "கழுத்துல பொறந்தவன் எதுக்கு மேல போயிட்டு வர்றான்?"

"யாருக்கும் சரியாத் தெரியாது அண்ணே."

"எனக்குத் தெரியுது. பாங்காக் போயிட்டு வந்திருக்கான். நம்ம ஊர்க்காரன்."

அன்றிலிருந்து அந்த நரம்புக்கு அவர் வீட்டில் பெயர் நம்ம ஊர்க்காரன்.

ஸ்கேனில் நான் பயந்தது இருந்தது. வலது பக்க ஓட்டையில், நரம்புகளுக்கு நடுவே, ஒரு கட்டி. புற்று இல்லை, மெதுவாக வளர்வது. ஆனால் விட்டால் தொண்டை முழுக்க அடைத்துப்போகும், அப்புறம் மூளைத்தண்டை அழுத்தும். அறுவை சிகிச்சை செய்ய வேண்டியவள் நாரிசரா. என் பழைய மாணவி. வாய்மொழித் தேர்வில் இதே ஓட்டையில் என்னிடம் தோற்றவள். அதற்குப் பழி தீர்க்கிற மாதிரி இந்த ஓட்டையிலேயே நாட்டில் பெயர் வாங்கியவள்.

அவள் சம்ரானையும் ராம்பை அக்காவையும் உட்கார வைத்து ஒளிக்காமல் சொன்னாள். கட்டியை முழுக்க எடுத்துவிடலாம். தொண்டைக்கும் குரலுக்கும் போகிற நரம்புகளைக் காப்பாற்றத்தான் முதலில் பார்ப்பாள், ஏனென்றால் விழுங்க முடியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. தோளுக்குப் போகிற நரம்புதான் கட்டியோடு அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழுக்க எடுத்தால் அது போய்விடும்.

"தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், கை மேல தூக்க வராது. மத்தபடி நல்லா இருக்கலாம், பெரியப்பா. நிறையப் பேர் அப்படி இருக்காங்க."

"அவங்கல்லாம் என்ன வேலை பாக்குறாங்க, டாக்டரம்மா?"

 வேறு வழி உண்டா என்று அவரே கேட்டார். உண்டு. நரம்போடு ஒட்டியிருக்கும் கட்டியின் தோலை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் அது திரும்ப வளரலாம். வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டும். வளர்ந்தால் கதிர்வீச்சு, இல்லையென்றால் இன்னொரு முறை மண்டையைத் திறப்பது. தனக்கு அதில் இஷ்டமில்லை என்றாள் நாரிசரா. ராம்பை அக்கா அவள் பக்கம். வெளியே வந்ததும் வராண்டாவிலேயே பிடித்துக்கொண்டார். ஆள் உயிரோடு இருந்தால் போதும், கத்தரிக்கோல் யாருக்கு வேண்டும், என் அடுப்பு ஒன்று போதாதா இரண்டு வயிற்றுக்கு என்று கேட்டார். சம்ரான் அக்கா கையிலிருந்த ஸ்கேன் உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். 

இதற்கிடையில் அந்த வருஷத்துப் பெரிய வாத்தியார்களுக்குத் தலை மழிக்கும் நாள் வந்தது. வேண்டாம் என்றாலும் சம்ரான் கேட்கவில்லை. நான் நாரிசராவையும் வரச் சொன்னேன், காரணம் சொல்லாமல். அவள் வாசலில் நின்று பார்த்தாள். சம்ரான் பெயர் பெயராகப் படித்து, ஓசை எழாத குரலில் மன்னிப்புக் கேட்டு, மழித்துக்கொண்டிருந்தார். கை தடுமாறவே இல்லை. பழைய சம்ரான்தான்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாருங்கள், கை தூக்காமலே எவ்வளவு அழகாகச் செய்கிறீர்கள் என்றாள்.

சம்ரான் சவரக்கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இவங்க படுத்திருக்காங்க, டாக்டரம்மா. கையைத் தூக்க வேண்டியதில்ல. உசிரோட இருக்கிறவன்தான் உக்காந்துக்கிட்டுத் தலையை மேல வச்சிருக்கான்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "இவங்களுக்கு மட்டும் வெட்டிக்கிட்டே இருக்கலாம். நல்லவங்க. ஆனா ஒருத்தரும் ஒரு கதை சொல்ல மாட்டேங்கிறாங்க. நம்ம ஊர்க்காரனை விட்டுடுங்க. வளந்தா மறுபடி வர்றேன். வரமாட்டேன்னு சொல்லல."

நாரிசரா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். கட்டியின் தோலை விட்டுவிடுவதாக அங்கேயே ஒப்புக்கொண்டாள். ராம்பை அக்காவிடம் சொல்லும் பொறுப்பு மட்டும் சம்ரானுடையது என்றாள். அவர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. அக்கா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை, கோழியும் தரவில்லை.

நாள் குறித்தார்கள். குறித்தது புதன்கிழமை. அறுவை நாளன்று காலையில் காதுக்குப் பின்னால் முடியை எடுப்பார்கள் என்று செவிலி சொன்னதும் சம்ரான் படுக்கையிலிருந்து எழுந்து செருப்பைத் தேடினார். மண்டையைத் திறப்பதற்குப் பயப்படாத மனிதர். புதன்கிழமை மயிரில் கத்தி படக்கூடாது என்பதில் மட்டும் இம்மியும் இறங்கி வரவில்லை. கடைசியில் செவ்வாய்க்கிழமை மத்தியானமே எடுத்துவிடலாம் என்று முடிவானது. யார் எடுப்பது? அவர் கை அங்கே எட்டாது. அடுத்த தெருக் கடைக்காரரைக் கூப்பிடலாம் என்றேன். அவர் தொழில் லட்சணம் எனக்குத் தெரியும் என்றார் சம்ரான். செவிலியும் பயந்து ஒதுங்கினாள்.

ராம்பை அக்கா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் தலையை அவர் தொட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பழைய பெண்கள் தொடமாட்டார்கள். படுக்கைக்குப் பின்னால் நின்று கைகூப்பினார். இத்தனை வருஷமும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அதே வார்த்தைகளில், அதே வரிசையில், அவர் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சம்ரான் கண்ணை மூடிக்கொண்டார். கோழிக்கு இறகு பிடுங்குகிற கை அது, ஆனாலும் காதுக்குப் பின்னால் பிறை போல ஒரு துண்டு சுத்தமாக வந்தது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அழுகை எனக்குச் சீக்கிரம் வரும், அதை மறைக்கத்தான் நான் சிடுசிடுப்பது.

மறுநாள் அறுவை அரங்கின் ஒரு மூலையில் நிற்க நாரிசரா இடம் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் எலும்பை இழைத்து இழைத்து, என் பாடத்தில் கோடாகப் போடுகிற வழியில் நிஜமாகவே இறங்கினாள். ரத்தம் போகும் பெரிய நாளத்தைத் தாண்டி, ஓட்டையின் முன்பாதிக்கு வந்தாள். கட்டியின்மேல் மூன்று நரம்புகளும் நூல் போல விரிந்து கிடந்தன. இரண்டை விடுவித்தாள். மூன்றாவது வரவில்லை. நரம்பு உயிரோடிருக்கிறதா என்று மெல்லிய மின்முனையால் அதைத் தொட்டாள். பச்சைத் துணிக்கடியில் வலது தோள் ஒரு துள்ளு துள்ளியது.

"இருக்கான்," என்றாள் நாரிசரா. ஒட்டியிருந்த தோலை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்தாள்.

நரம்பு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. தொட்டாலே நரம்பு கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துவிடும். விழுங்குவது மெல்ல மெல்லத் திரும்பியது. குரல் பாதிதான் வந்தது. கை வரவில்லை. சுவரில் விரல்களை நண்டு போல ஏற்றிப் பழகச் சொல்லியிருந்தார்கள். ராம்பை அக்கா கடைச் சுவரில் கரியால் கோடு போட்டு, தினமும் அந்தக் கோட்டைத் தொடும் வரை சாப்பாடு போடமாட்டேன் என்று உட்கார்ந்தார். போடத்தான் செய்தார், ஆனால் திட்டிக்கொண்டே. ஊரில் ஒருவரும் வேறு கடைக்குப் போகவில்லை. தபால்காரருக்கு முடி காதை மூடியது. தலைமையாசிரியர் பழைய பாட்டுக்கச்சேரிக்காரர் மாதிரி பள்ளிக்கூடம் போனார். இவர்களைத்தான் நான் அத்தனை திட்டியிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை கடை திறந்தது. வாசலில் எல்லாத் தலைகளும் வந்து நின்றன. சம்ரான் அவர்களைப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார். உள்ளே நானும் அக்காவும் மட்டும். கோடு சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் இருந்தது. அதை அவர் தொட்டுவிட்டார்தான். ஆனால் சுவரைத் தொடுவது வேறு, நேராக வெட்டுவது வேறு.

"வெளிய நிக்கிறவன் எவனும் உண்மை சொல்ல மாட்டான்," என்றார். "கோணலா இருந்தாலும் பிரமாதம்னுட்டுப் போவான்."

நான் இருக்கிறேனே என்றேன்.

"உங்க உச்சியில வெட்ட என்ன இருக்கு, சின்ன வாத்தியாரே?" நாற்காலியைத் துடைத்துத் திருப்பினார். "ராம்பை, வந்து உக்காரு."

 அக்கா கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். சம்ரான் மரப்பெட்டியை எடுக்கவில்லை. பின்னால் போய் நின்று, வலது கையையும் இடது கையையும் ஒன்றாக நெற்றி வரை உயர்த்திக் கூப்பி, கரகரத்த அந்தப் பாதிக் குரலில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெட்டினார். நெற்றி வியர்த்தது, ஆனால் கை இறங்கவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே, பிறகு காதுக்கு மேல், பிறகு உச்சி. முடிந்ததும் கத்தரிக்கோலைக் கையிலேயே பிடித்தபடி கண்ணாடியைப் பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

ராம்பை அக்கா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவசரமே படவில்லை. 

"வலது உச்சி," என்றார். "இன்னும் கொஞ்சம் நீளமா நிக்குது."

சம்ரான் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது, இரண்டு தோளும். கை மறுபடி மேலே போனது.